ஓய்வு பெற்றவர்கள் இல்லாத ஊர்

வால்பாறை எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயதானவர்களை அதிகம் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டு, கொழுந்து எடுக்கும் பெண்கள் உண்டு, மருந்தடிக்கிற, கவாத்து வெட்டுகிற ஆண்கள் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரை விசாரிக்கும் தாத்தாவும் ஆச்சியும் வெகு சிலர்தான். அவர்களும் மகனோ மருமகளோ இன்னும் தோட்டத்தில் பேர் பதிந்திருப்பதால் அங்கே இருப்பவர்கள். வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் ஒப்படைத்துவிட வேண்டும். நான் பள்ளிப் படிப்பு முடியும்வரை அந்த ஊரில்தான் இருந்தேன். இப்போது திருப்பூரில் இருக்கிறேன். ஊர் ஞாபகம் வரும்போது மூடுபனியும் பச்சையும் பிறகுதான் வரும். முதலில் மனத்தில் விரிவது அதன் நில அமைப்பு. அந்த நிலம் அப்படி அமைந்திருந்ததால்தான் நாங்கள் இன்றைக்கு அங்கே இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதரையாகப் போகும் சாலை, அணையைத் தாண்டியதும் மலையைப் பிடித்து ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை லோம்ஸ் வியூ என்பார்கள். இந்தச் சாலையைப் போட்ட பொறியாளரின் பெயர் அது. அங்கே நின்று பார்த்தால் ஆழியாறு அணையும் அதற்கு அப்பால் வெயில் காயும் சமவெளியும் முழுதாகத் தெரியும். பாறை விளிம்பில் வரையாடுகள் நிற்கும். அட்டகட்டி, வாட்டர்ஃபால், கவர்க்கல், ஐயர்பாடி, ரொட்டிக்கடை என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டும்போது பஸ்ஸில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறங்கும், பைகளிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வரும். கவர்க்கல்லில் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பஸ் போகும். எங்களுக்கு ஊர் வந்துவிட்டது என்று தெரிவது பெயர்ப் பலகையைப் பார்த்து இல்லை. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வதங்கும் வாசனை வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேலே ஏறியபின் இருப்பது ஒரு மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 அடி உயரம். மேட்டுநிலம் என்றால் தட்டையான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. சிறு சிறு குன்றுகள் நெருக்கமாக எழுந்து நிற்கும். குன்றின் மேலெல்லாம் தேயிலை, இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஈரம் வற்றாத சதுப்பு, அதில் ஓர் ஓடை. நடுநடுவே வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகள். இப்படிச் சுமார் 220 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி நாலாபுறமும் காடு. வடக்கே ஆனைமலைப் புலிகள் காப்பகம், மேற்கே பரம்பிக்குளம், தென்மேற்கே வாழச்சால் காடுகள், கிழக்கே அக்காமலைப் புல்வெளியும் அதைத் தாண்டினால் இரவிகுளமும். நல்லமுடி பூஞ்சோலையில் வானம் தெளிந்த நாளில் நின்றால் இடமலையாற்றுப் பள்ளத்தாக்கும் அதற்கு மேலே ஆனைமுடியும் தெரியும். தேயிலை என்பது காட்டின் நடுவில் வெட்டி எடுத்த ஒரு துண்டுதான். அந்தத் தேயிலையின் நடுவில் பஸ் நிலையம், மார்க்கெட், முருகன் கோயில், கொஞ்சம் கடைவீதி. அதுதான் டவுன்.

இதைச் சிறு வயதில் நான் இப்படி யோசித்ததே இல்லை. டவுனைச் சுற்றி எஸ்டேட், எஸ்டேட்டைச் சுற்றிக் காடு என்றால் ஒரு குடும்பம் வீடு கட்டிக்கொள்ள அங்கே எங்கே இடம் இருக்கிறது? எஸ்டேட் நிலம் கம்பெனிக்குச் சொந்தமானது அல்லது குத்தகைக்கு எடுத்தது. காடு அரசாங்கத்தினுடையது. மிச்சமிருப்பது டவுனில் அண்ணாந்து பார்க்கும் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் சில தெருக்கள். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த ஒரு பெண் தன் சேமிப்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் அங்கே இரண்டு சென்ட் வாங்குவது கடினம். அவள் நட்ட செடியும் கவாத்து செய்த செடியும் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை நிற்கும், அதில் ஒரு அடி மண்ணும் அவளுடையதாக இருக்காது.

தேயிலை 1890களில் இந்த மலைக்கு வந்தது. கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரருக்கு மலைச்சாலையில் சிலை இருக்கிறது, ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று. காட்டை வெட்டியவர்களுக்குச் சிலை இல்லை. அவர்கள் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏறியவர்கள். மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் குளிரிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கொண்டுவந்தார். எங்கள் லைனில் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் யாருமில்லை, ஆனால் அதில் உள்ளதெல்லாம் எங்கள் தாத்தாக்களின் வாயிலேயே கேட்டவை.

என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆத்தூர்க்காரர்கள், எதிர் லைனில் பாலக்காட்டுக் குடும்பங்கள். அதனால் நாங்கள் ஒரே நாளில் ஒரு வீட்டில் மதினி என்றும் அடுத்த வீட்டில் அண்ணி என்றும் அதற்கடுத்த வீட்டில் சேச்சி என்றும் கூப்பிட்டுப் பழகினோம். சின்கோனா பக்கம் போனால் கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்தவர்களின் பேச்சு கேட்கும். மலேரியாவுக்குக் கொய்னா எடுக்க அரசாங்கம் சின்கோனா மரம் வளர்த்த இடம் அது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, பிறகு அங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. சில தலைமுறைகளுக்கு முன் ஒரு மலைக்கு ஏறியவர்களின் வாரிசுகள், அங்கிருந்து இறக்கிவிடப்பட்டு இன்னொரு மலைக்கு ஏறினார்கள். ஊர் விட்டு வந்த கதை இல்லாத வீடு அந்த மேட்டுநிலத்தில் கிடையாது.

காடர்கள் போன்ற பழங்குடியினர் மட்டும்தான் எங்கிருந்தும் வராதவர்கள். தேயிலைக்கு முன்பே, சாலைக்கு முன்பே அங்கே இருந்தவர்கள். தேன் எடுக்கப் போகும் வழியில் எங்கள் லைன் ஓரமாக நடந்து போவார்கள். கல்லார்குடியில் 2019 மழையில் நிலம் சரிந்தபோது பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடியிருக்க இடம் கேட்டார்கள். அதைப் பெறுவதற்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் ஏக்கத்தை எந்த இடத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அவர்களுக்கே அங்கே இடமில்லை என்றால், மூன்று தலைமுறைக்காரர்களான நாங்கள் எதைச் சொல்லிக் கேட்பது? இருந்தாலும் ஏக்கம் நியாயம் பார்த்து வருவதில்லை.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்பாறையில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டரை ஒட்டி மழை. மலைக்கு இந்தப் பக்கம் கோவைச் சமவெளியில் 700 பெய்தாலே நல்ல வருஷம். நீராற்றுக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் மழை வாங்கும் இடங்களில் ஒன்று. ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் முடிகிறவரை துணி காயாது. அடுப்புக்கு மேலே கம்பி கட்டி யூனிஃபார்மைக் காயப்போடுவார் அம்மா. பள்ளிக்கூடத்தில் எல்லோர் மேலும் ஒரே புகை வாசனை அடிக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. தகரக் கூரையில் மழை இறங்கும்போது வீட்டுக்குள் பேச்சு நின்றுவிடும். கத்திப் பேசினாலும் கேட்காது. அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் கையசைத்தே வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அம்மா இடுப்பில் படங்கும் தலையில் கம்பளியும் கட்டி, அதற்குமேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு காலையில் கிளம்புவார். காலில் அட்டை ஏறாமலிருக்க மூக்குப்பொடியும் உப்பும் கலந்து தேய்த்துக்கொள்வார். தேய்த்தாலும் ஏறும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அம்மாவின் காலில் அட்டை கடித்த இடங்களை எண்ணுவது எனக்கும் தங்கைக்கும் விளையாட்டு. அதை விளையாட்டாக நடத்தவிட்டவர் அம்மா.

இத்தனை மழையும் மேற்கே போக வேண்டிய தண்ணீர். இயற்கையாக விட்டிருந்தால் சாலக்குடி ஆற்றிலும் பெரியாற்றிலும் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போயிருக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் (பிஏபி) அதைக் கிழக்கே திருப்பியது. நீராற்றிலிருந்து சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு, அங்கிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டுப் பரம்பிக்குளத்துக்கு, அங்கிருந்து தூணக்கடவு, சர்க்கார்பதி, பிறகு மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு. அப்புறம் உடுமலை, பல்லடம், காங்கேயம் விளைநிலங்களுக்கு. திருப்பூருக்கு வந்த புதிதில் பல்லடம் பக்கம் ஒரு வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு விவசாயியிடம் கேட்டேன். “பிஏபி தண்ணிங்க, வால்பாறைல இருந்து வருது” என்றார். வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தகரக் கூரையில் கொட்டிய மழை. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே திசையில் வந்து, அந்த வாய்க்காலுக்குக் கொஞ்சம் தூரத்தில், பனியன் கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள்.

2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 95,000ஐ ஒட்டி இருந்தது. 2011இல் அது 71,000க்குக் கீழே வந்துவிட்டது. பத்து வருஷத்தில் நாலில் ஒருவர் இல்லை. புயல் இல்லை, கலவரம் இல்லை, அணை கட்டி மூழ்கடிக்கவும் இல்லை. தமிழ்நாட்டின் ஊர்களெல்லாம் வீங்கிக்கொண்டிருந்த பத்தாண்டில் ஓர் ஊர் இப்படிச் சுருங்கியது அதிகம் பேர் கவனத்துக்கு வரவில்லை. நான் அந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு முகங்களாகத்தான் தெரிந்தன. அந்தக் கழித்தல் கணக்கில் எங்கள் வீடும் இருக்கிறது.

காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. 1990களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது. புதிதாக ஆள் எடுப்பது நின்றது. விரலால் கிள்ளிய இடத்தில் கத்திரி வந்தது, ஒரு ஆள் வெட்டுவது முன்பு பல பேர் எடுத்ததற்குச் சமமானது. கீழே திருப்பூரும் கோவையும் வா வா என்று அழைத்தன. ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் காரணம் எங்கள் பெற்றோர்தான். தன் பிள்ளை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று பேர் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் ஒரு தலைமுறையாகவே முடிவு செய்துவிட்டார்கள். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம், பள்ளிக்கூடம் எல்லாம் எஸ்டேட்டில் இருந்தன. அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களைப் படிக்கவைத்து, அதையே மலையைவிட்டு இறங்கும் வழியாக ஆக்கினார்கள். நான் பத்தாவதில் பாஸானபோது அப்பா சொன்னார்: “இனி இந்த மலையில ஒனக்கு வேலை கிடையாதுல. லீவுக்கு மட்டும் வா.” சந்தோஷமாகச் சொன்னார். பிள்ளைகள் யாரும் பேர் கொடுக்கவில்லை என்றால் தங்களுக்கு வீடு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

லீவுக்கு வருவதற்கு ஊர் இருந்தது சில வருஷங்கள்தான். முதலில் அப்பா ஓய்வு பெற்றார். அம்மாவின் பேரில் வீடு நீடித்தது. பிறகு அம்மாவுக்கும் வயது வந்தது. சாமான்களை ஏற்றிய வேன் கிளம்பும் முன் அம்மா அடுப்படியைச் சாணி போட்டு மெழுகினார். நாளைக்கு யாருக்கோ கொடுக்கப்போகிற வீடு என்று நான் சொன்னேன். “வாரவ வெறும் அடுப்பப் பார்த்துட்டா நிக்கணும்?” என்றார். அந்த வருகிறவள் யார் என்று பின்னால் தெரிந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். எங்கள் தாத்தாவின் தலைமுறையில் சங்கரன்கோவில் செய்ததை இப்போது ஜார்க்கண்டும் அஸ்ஸாமும் ஒடிசாவும் பீகாரும் செய்கின்றன. பிறகு ஒருமுறை அங்கே போனபோது அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. வீட்டைக் காட்டி, என்னைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றேன். அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நாங்கள் சுவரில் பென்சிலால் உயரம் குறித்த கோடுகளுக்குமேல் வெள்ளை அடித்திருந்தது. அவளுடைய பிள்ளை அதே வாசலில் அட்டையைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தான். மலையின் குளிர் அவனுக்குப் பழகிவிட்டிருந்தது. தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி சொன்னார். எனக்கு அவர்கள்மேல் துளியும் வருத்தம் இல்லை. அவனும் ஒருநாள் இந்த வீட்டை விட்டு இறங்கி, எங்கோ ஒரு நகரத்தில் இந்த மழைச் சத்தத்தைத் தேடுவான் என்பதுதான் அன்றைக்கு மலையிறங்கும்போது என் கூடவே வந்தது.

எல்லா லைனிலும் இப்படி ஆள் வந்துவிடவில்லை. எங்கள் எஸ்டேட்டிலேயே மேல் டிவிஷனில் ஒரு லைன் முழுக்கக் காலி. கதவு, ஜன்னல் இல்லை, தகரம் போய்விட்டது, வாசலில் வாழை தானாக வளர்ந்து யானைக்கு உணவாகிறது. யானை அந்த மேட்டுநிலத்துக்குப் புதிது இல்லை. ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்குப் போகும் அதன் பாதைகளில்தான் எங்கள் லைன்களைக் கட்டியிருந்தார்கள். “ஆனை நிக்குது” என்றால் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்க வேறு காரணமே வேண்டாம். இப்போது யானை இருக்கும் இடம் செல்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது, முச்சந்திகளில் சிவப்பு விளக்கு எரிகிறது. மனிதரும் யானையும் அடிபடாமலிருக்க இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்களும் வனத்துறையும் சேர்ந்து செய்த நல்ல காரியம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். சோலைத் துண்டுகளில் இருவாச்சி இன்னும் கூடு வைக்கிறது. ஊர் சுருங்கியதில் காடு கொஞ்சம் மூச்சு விட்டிருந்தால் அதற்காக நான் மகிழ்வேன். எங்களை வைத்துக்கொள்வதற்காக இன்னொரு சோலையை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இருக்கிற டவுனுக்குள்ளேயே, இருக்கிற காலி லைன்களிலேயே, அந்த மலையை விட்டுப் போக விரும்பாத ஒரு கிழவிக்கு ஓர் அறை கொடுக்க முடியாத அளவுக்கு 220 சதுர கிலோமீட்டர் சின்ன இடம் இல்லை. சுற்றுலா விடுதிகளுக்கு இடம் கிடைக்கத்தான் செய்கிறது.

2025 நவம்பரிலிருந்து வெளியூர் வண்டிகள் வால்பாறைக்குப் போக இ-பாஸ் வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த அது தேவை, நான் அதை ஆதரிக்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு. உள்ளூர்க்காரர் என்று காட்ட எங்களிடம் இப்போது ஒரு காகிதமும் இல்லை. ரேஷன் கார்டு திருப்பூர், ஆதார் திருப்பூர், ஓட்டு திருப்பூர். அதனால் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதென்றால் அரசு பஸ்ஸில்தான் போகிறோம். அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்களை உற்றுப் பார்ப்பார், யாராவது தெரிந்தவர்களா என்று. அநேகமாக யாரும் இருப்பதில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் இவரைப் போலவே வேறெங்கோ பஸ் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுன் மார்க்கெட்டில் எஸ்டேட் முழுக்க ஒன்றுகூடிய காலத்தில், இரண்டு தெரு நடக்க அம்மாவுக்கு மத்தியானம் ஆகிவிடும். அத்தனை பேர் நிறுத்திப் பேசுவார்கள்.

திருப்பூரில் எங்கள் வீடு சொந்த வீடு. அம்மாவின் பேரில் பட்டா இருக்கிறது. காங்கிரீட் கூரை, மழை பெய்தால் வெளியே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். “ஒறக்கம் வரமாட்டுக்குல, சத்தமே இல்லாம” என்று அம்மா முதல் வருஷம் முழுக்கச் சொன்னார். பட்டாவை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். அந்தக் காகிதம் அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அது வால்பாறையில் ஒரு மூலையில் கிடைத்திருக்கக் கூடாதா என்பதையும் அவர் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அது நடந்தால் வால்பாறையின் எண்ணிக்கை இன்னும் இறங்கியிருக்கிறதா, ஜார்க்கண்ட் பிள்ளைகளால் நின்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் ஆள் வருவார்கள். நம் கணக்கெடுப்பில் பிறந்த இடத்தைக் கேட்பார்கள், இதற்கு முன்பு எங்கே இருந்தீர்கள், ஏன் இடம் மாறினீர்கள் என்றும் கேட்பார்கள். வேலைக்காக, கல்யாணத்துக்காக, படிப்புக்காக, குடும்பத்தோடு சேர்ந்து என்று காரணங்களுக்குத் தனித்தனி எண் இருக்கும். எனக்கு வேலை. தங்கைக்குக் கல்யாணம். அம்மா தன் வேலை முடிந்ததற்காக ஊர் மாறியவர். அதற்கென்று ஓர் எண் கிடையாது. ‘மற்றவை’யில்தான் போட வேண்டும்.